பாத்துக்

விடியற்காலையில் எடுக்கணும் என்றாள் மிஸ்ஸி.
பல் துலக்குவதற்கு முன்,
வெறும் தண்ணீரில் வாய் கொப்பளித்துவிட்டு.
எச்சில் வேண்டாம், அடியிலிருந்து வரணும் என்று
தன் நெஞ்சைத் தட்டிக் காட்டினாள்.
மூடி போட்ட பிளாஸ்டிக் புட்டி
என் சட்டைப் பையில், லோரிச் சாவியோடு உரசிக்கொண்டு.

பட்டர்வொர்த்தில் எங்கள் அடுக்குமாடி, ஒன்பதாவது மாடி.
துணி காயும் கம்பிக்குப் பின்னால் நின்று
கடலைப் பார்த்து இருமினேன்.
முதல் முறை எச்சில்.
இரண்டாம் முறை கண்ணீர்தான் வந்தது.
அப்புறம்
வாடகை தராமல் எனக்குள் குடியிருந்த ஒன்று
மெல்ல வாசல்வரை வந்து
புட்டிக்குள் விழுந்தது, மஞ்சளாய்.
எதிர்க்கரையில் தீவு இன்னும் விளக்கணைக்கவில்லை.

மலாயில் இருமலுக்கு 'பாத்துக்' என்று பெயர்.
நாற்பது வருஷமாய்த் தெரிந்த சொல்.
பதிவு முகப்பில் அந்தப் பையன்
"பாத்துக்? பெராப்பா லாமா?" என்று கேட்டபோது
அன்றைக்கு மட்டும் அது தமிழில் விழுந்தது:
பாத்துக்க, பாத்துக்க.

எக்ஸ்ரே அறையில் சட்டையில்லாமல்
குளிர்ந்த பலகையை அணைத்துக்கொண்டு நின்றேன்.
மூச்சை இழு. பிடி.
படத்தில் வலது தோளுக்குக் கீழே ஒரு வெள்ளை,
மழைக்கு முன்னால் பினாங்கு மலையில்
உட்காருமே, அந்த மாதிரி.

காசநோய் என்றார்கள்.
'காச' என்றதும் எனக்குக் காசுதான் நினைவு வந்தது.

மிஸ்ஸி ஒரு தாளை எடுத்தாள்.
யாரோடெல்லாம் ஒரே காற்றில் இருந்தாய்?
மனைவி தவமலர். மகன் கபிலேஷ்.
வேலையில்?
யாருமில்லை.
லோரியில் கெலிண்டான் கிடையாதா?
இருக்கிறான். சற்குணன். பேச்சில்லை.
பேனா நின்றது.
"பேசாவிட்டால் என்ன, மூச்சு விடுவான் இல்லையா?"

விடுவான்.
பிறை கிட்டங்கியிலிருந்து கிள்ளான் துறைமுகம்வரை
ஆறு மணி நேரம்,
ஏர்கோன் ஓட, கண்ணாடி ஏற்றி.
அவன் பக்கத்துக் கைப்பிடி உடைந்து வருஷம் ஒன்றாகிறது.
சரி பண்ணு என்று சொல்ல
இருவரில் ஒருவர் வாயைத் திறக்கணுமே.
நான் பிடித்த கூட்டில் அவன் முறைக்கு வரவேண்டிய
மூவாயிரம் வெள்ளி
எங்களுக்கு நடுவில், கியருக்குப் பக்கத்தில்
சீட் பெல்ட் போடாமல் உட்கார்ந்து வந்தது.
அத்தனை மாதத்தில் அவனிடம் நான் பேசியது
இருமல் ஒன்றுதான்.
அவன் ரேடியோவைக் கூட்டுவான்.
ஒருநாள் தாப்பா நிறுத்தத்தில்
இருமல் மிட்டாய்ப் பொட்டலம் ஒன்று
டேஷ்போர்டில் இருந்தது.
யார் வைத்தது என்று நான் கேட்கவில்லை.
தின்றேன்.

அவன் எண்ணை நான் அழித்திருக்கவில்லை.
சற்குணா, கிளினிக்குக்குப் போ.
முன்கையில் ஒரு ஊசி போடுவாங்க, சின்னதுதான்.
மூணாம் நாள் திரும்பப் போய்க் காட்டணும்,
வீக்கத்த அளந்து பாப்பாங்க.
ஏன் என்றும் சொன்னேன்.
நெடுநேரம் லோரி இரைச்சல் மட்டும்.
பிறகு,
"வாங்கினத இப்படியாடா திருப்பிக் கொடுப்ப?"

பதினான்கு மில்லிமீட்டர்.
எக்ஸ்ரே சுத்தம்.
கிருமி உள்ளே இருக்கு, தூங்குது, நோய் வரல என்று
அவனுக்கும் மாத்திரை எழுதினார்கள்.
என்னிடமிருந்துதான் போனதா
என்று மிஸ்ஸியிடம் கேட்டேன்.
அதை யாரால் சொல்ல முடியும் என்றாள்.

தினமும் காலையில் அவள் முன்னால் விழுங்குகிறேன்,
விழுங்கியதும் வாயைத் திறந்து காட்டுகிறேன்.
ஆறு மாதம். மூத்திரம் ஓரஞ்சு கிரஷ் நிறம்.
தவமலர் சன்னல்களை மூடுவதே இல்லை,
சாமி விளக்கு அணைந்து அணைந்து போகிறது.

நேற்று போனில் ஒரு படம் வந்தது.
கறுப்புக் கைப்பிடி, புதுசு,
பாதி இறங்கிய கண்ணாடி, வெளியே பாலம்.
கீழே எழுதியிருந்தான்:
பதினெட்டு வெள்ளி. உன் கணக்கு.